ஹேர்மிஸை மூழ்கடித்தவருக்குச் சிலையா?

கேள்வி: 1942இல் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின் புகைபோக்கிக்குள் யப்பான் விமானி ஒருவர் விமானத்தோடு பாய்ந்து, தானும் செத்துக் கப்பலையும் தாட்டார் என்று என் அம்மப்பா சொல்வார். அந்த வீரனுக்குக் கல்லடிக் கடற்கரையில் ஒரு சிலை வைத்தால் என்ன?
– வாசகர், கல்லடி

பதில்: முதலில் அந்தப் புகைபோக்கியைக் கதையிலிருந்து எடுத்துவிடுவோம். விமானத்தோடு மோதிச் சாவதற்கென்றே யப்பான் ஒரு படையை அமைத்தது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். ஹேர்மிஸ் மூழ்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. அன்று வந்தவர்கள் செங்குத்தாக இறங்கி, குண்டைப் போட்டுவிட்டு, மேலே எழும்பித் திரும்பிப் போகிற விமானிகள். அதே காலையில் திருகோணமலையில் யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியில் விழுந்து எரிந்தது. அம்மப்பாவின் காலத்தில் இரண்டு கதையும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை.

சரி, உங்கள் வீரனுக்கு வருவோம். மட்டக்களப்புக்கு வந்த குண்டுவீச்சு அணியின் தலைவர் ககுயிச்சி தகஹாஷி, லெப்டினன்ட் கமாண்டர். நான்கு மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபோது முதல் அலையின் பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்களை நடத்திப் போனவரும் இவர்தான். அங்கே சமிக்ஞையைத் தவறாக எடுத்துக்கொண்டு முதலில் போகவேண்டிய டோர்பிடோ விமானங்களை முந்திக்கொண்டு பாய்ந்தார். திட்டம் குழம்பியும் காரியம் நடந்துவிட்டது. கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நம் கடலில் அவருக்கு எதிரே என்ன இருந்தது? விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயர். அன்று ஹேர்மிஸில் ஒரு விமானம்கூட இல்லை. திருகோணமலையிலிருந்து முதல்நாள் இரவு தப்பித் தெற்கே வந்த கப்பல், விமானப் பாதுகாப்பு கிடைக்கும் என்று காலையில் வடக்கே திரும்பியது. பாதுகாப்புக்கு வரவேண்டிய விமானங்கள் கப்பல் மூழ்கிய பிறகுதான் வந்து சேர்ந்தன. எண்பதுக்கு மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்திருந்தன. வானத்தில் தடுக்க ஆளில்லை. பயிற்சியில் போடுவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். கப்பல்தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் போயிற்று. வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் வந்து சுமார் 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியது.

அப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 8ஆம் திகதி பவளக் கடலில் அதே தகஹாஷி, 69 விமானங்களுக்குத் தலைமை தாங்கி அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் லெக்சிங்டன், யோர்க்டவுன் மீது போனார். லெக்சிங்டன் அன்று மாலையே போயிற்று. ஆனால் அங்கே அமெரிக்கப் போர் விமானங்கள் வானத்தில் காத்திருந்தன. தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அவரைச் சுட்டு வீழ்த்தினார்கள். விமானி அதே விமானிதான், கையும் அதே கைதான். அன்று இழந்த விமானங்களையும் விமானிகளையும் ஈடுசெய்ய முடியாமல், சுய்காகு என்ற யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் பெரிய சேதமில்லாமலே அடுத்த மாத மிட்வே சண்டைக்குப் போகாமல் நின்றது.

குண்டுவீச்சு விமானியின் சாவுதான் உங்களை உருக்குகிறது என்றால், அதே ஏப்ரல் 9 காலையில் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிரித்தானியரின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்பதில்லை? துணைக்குப் போர் விமானம் ஒன்றுகூட இல்லாமல் ஒன்பது விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் தலைக்கு மேலேயே போய்க் குண்டு போட்டன. அக்காகி என்ற தலைமைக் கப்பலுக்குப் பக்கத்தில் குண்டுகள் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. படாத குண்டுக்கு யாரும் சிலை கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கல்லடியில் காசு சேர்த்து ஏதாவது வைப்பதாக இருந்தால், ஹேர்மிஸிலும் வாம்பயரிலும் இறந்தவர்களின் பெயர்களை வெட்டி வையுங்கள். தகஹாஷிக்கு வேண்டாம்.