பிரிட்டனிடம் இன்று ஏன் ஒரு பேட்டில்ஷிப்கூட இல்லை? அதன் கடற்படை பலம் எங்கே போயிற்று?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டில்ஷிப் என்றால் பெரிய பீரங்கிகளும் தடித்த கவசமும் கொண்ட போர்க்கப்பல். பிரிட்டனின் கடைசி பேட்டில்ஷிப் எச்.எம்.எஸ். வேன்கார்ட். 1960-ல் அதை உடைப்பதற்காக இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்த வகைக் கப்பல் அவர்களிடம் கிடையாது. இன்று எந்த நாட்டுக் கடற்படையிலும் அது பணியில் இல்லை. ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதிக்குப் பதில் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சரித்திரம் படித்தவனில்லை. சிங்கப்பூரில், செம்பவாங்கில், கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். பிட்டராகச் சேர்ந்து, பிற்பாடு ஷாஃப்ட், அதாவது என்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் சுழலும் தண்டு, அந்த வேலைக்கு ஃபோர்மேன் ஆனேன். நான் நின்று வேலை பார்த்த ட்ரை டாக், பிரிட்டிஷ் கடற்படை கட்டியது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை வைத்து 1938 பிப்ரவரியில் திறந்தார்கள். நீளம் ஆயிரம் அடி. பிரிட்டனின் எந்தப் பேட்டில்ஷிப்பையும் உள்ளே விட்டு, வாயை அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டு அடிப்பாகத்தில் வேலை செய்யலாம் என்பது கணக்கு. முதல் நாள் அதன் தரையில் இறங்கி அண்ணாந்து பார்த்தபோது, தூர் வாரிய பெரிய ஏரிக்குள் நிற்பதுபோல் இருந்தது. அந்தப் பக்கத்து ரயில் நிலையங்களின் பெயரே அட்மிரல்ட்டி (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் பெயர்), கென்பரா (ஓர் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் பெயர்) என்று இருக்கும். கடற்படைத் தளம் போய்விட்டது, பெயர்கள் தங்கிவிட்டன. யீஷுனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் அந்தத் தளத்தில் வேலை செய்த நம்மவர்கள் மரத்தடியில் தொடங்கியதுதான்.

இப்படி ஒரு டாக்கை எங்கோ கிழக்கில் கொண்டுவந்து ஏன் கட்டினார்கள்? இதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

1889-ல் பிரிட்டன் ஒரு கொள்கையை வகுத்தது. தனக்கு அடுத்த இரண்டு பெரிய கடற்படைகளைச் சேர்த்தால் எவ்வளவு பலமோ, அவ்வளவு பலம் தனக்கு வேண்டும் என்பது அது. 1906-ல் ட்ரெட்நாட் என்ற புதுவகைப் பேட்டில்ஷிப் வந்தது. பன்னிரண்டு அங்குலப் பீரங்கிகள் பத்து, நீராவி டர்பைன், 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகம். போர்ட்ஸ்மவுத்தில் ஏறக்குறைய ஒரே வருடத்தில் கட்டி முடித்தார்கள் என்பது, கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு இன்றும் நம்பக் கஷ்டமான விஷயம். பழைய போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிப்போயின. அதில் பிரிட்டனின் கப்பல்களும் அடக்கம். ஜெர்மனியோடு போட்டி, முதல் உலகப்போர், கடன். 1922-ல் வாஷிங்டனில் ஓர் ஒப்பந்தம். பெரிய போர்க்கப்பல்களின் டன் கணக்கில் அமெரிக்காவுக்கு ஐந்து பங்கு, பிரிட்டனுக்கு ஐந்து பங்கு, ஜப்பானுக்கு மூன்று பங்கு. இரண்டு பேருக்குச் சமமாக இருப்பேன் என்றவர்கள், ஒருவருக்குச் சமமாக இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டார்கள். பிரிட்டனின் இறக்கத்தை நான் அந்தக் கையெழுத்திலிருந்துதான் கணக்கு வைப்பேன்.

கிழக்கில் ஜப்பான் வளர்ந்துகொண்டிருந்தது. இங்கே தனியாக ஒரு பெரிய கடற்படையை நிறுத்திவைக்க பிரிட்டனிடம் பணமில்லை. அதனால் தளத்தை மட்டும் கட்டி வைப்போம், போர் வந்தால் கப்பலை அனுப்புவோம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவில் பிறந்ததுதான் செம்பவாங் டாக்.

போர் வந்தது. அனுப்பினார்கள். 1941 டிசம்பர் 2-ஆம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற புத்தம் புதிய பேட்டில்ஷிப்பும், ரிபல்ஸ் என்ற பழைய பேட்டில்குரூசரும் (கவசத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிய பெரிய போர்க்கப்பல்) சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அந்த வருடம்தான் பணிக்கு வந்திருந்தது. மே மாதம் பிஸ்மார்க் என்ற ஜெர்மன் பேட்டில்ஷிப்போடு சண்டை போட்டபோது பீரங்கி மேடைகளில் வேலை முடியாமல், பட்டறைத் தொழிலாளர்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள். ராணுவ உடை இல்லாத, ஸ்பேனர் பிடித்த ஆட்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பழுது பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு அந்த ஆட்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

கூட வரவேண்டிய விமானம் தாங்கிக் கப்பல் இன்டாமிட்டபிள், நவம்பரில் ஜமைக்கா அருகே தரைதட்டியதால் வரமுடியவில்லை. டிசம்பர் 8 மாலை அட்மிரல் டாம் பிலிப்ஸ் இரண்டு பெரிய கப்பல்களையும் நான்கு டெஸ்ட்ராயர்களையும் (துணைக்குப் போகும் சிறிய போர்க்கப்பல்கள்) கூட்டிக்கொண்டு வடக்கே போனார். ஜப்பானியர் தரையிறங்கும் இடத்தைத் தாக்குவது நோக்கம். எதிரி விமானம் பார்த்துவிட்டது என்று தெரிந்ததும் திரும்பினார். வழியில் மலாயாவின் கிழக்குக் கரையில் இருக்கும் குவாந்தானில் எதிரி இறங்குகிறான் என்று தவறான செய்தி, அங்கே ஒதுங்கினார். டிசம்பர் 10 முற்பகல் சைகோன் பக்கத்திலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் பிடித்துக்கொண்டன. ரிபல்ஸ் பன்னிரண்டரை மணி வாக்கில் மூழ்கியது. ஒரு மணி நேரத்துக்குள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் போயிற்று. இறந்தவர்கள் 840 பேர். டெஸ்ட்ராயர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். செம்பவாங் விமானத் தளத்திலிருந்து போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் முழுகிக்கொண்டிருந்தது. அவற்றை முன்னாலேயே கூப்பிடவில்லை.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் உயிரை எடுத்த அந்த முதல் அடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அது என் வேலை.

அந்தக் கப்பலுக்கு நான்கு ஷாஃப்ட். இடதுபக்கம் வெளிப்புறமாக ஓடிய ஷாஃப்டுக்கு அருகில் டார்பிடோ வெடித்தது. கப்பலின் அடியிலிருந்து வெளியே நீண்டிருக்கும் ஷாஃப்டை, புரொப்பெல்லருக்குச் சற்று முன்னால் ஒரு பிராக்கெட் தாங்கிப் பிடித்திருக்கும். அந்தத் தாங்கல் போய்விட்டது. தாங்கல் போன ஷாஃப்ட், உரலுக்குள் உலக்கையைச் சுழற்றினால் எப்படி இடிக்குமோ அப்படி இடித்துக்கொண்டு சுற்றும். கப்பலுக்குள் அது கடந்துபோகும் ஒவ்வொரு இரும்புத் தடுப்பிலும் தண்ணீர் புகாமலிருக்க ஒரு கிளாண்ட் உண்டு. வரிசையாக அவற்றைக் கிழித்தது. என்ஜினை நிறுத்தினார்கள். பிறகு ஓடுகிறதா பார்ப்போம் என்று மறுபடி மெதுவாகச் சுற்றவிட்டார்கள்; ஷாஃப்ட் போகும் சுரங்கம் வழியாகத் தண்ணீர் என்ஜின் அறைக்குள் பீறிட்டு வந்தது. எட்டு டைனமோக்களில் ஐந்து செத்துப்போயின. கப்பலின் பின்பாதியில் மின்சாரம் போனதும் அங்கே பம்பு இல்லை, சுக்கான் இல்லை, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவற்றைத் திருப்பவும் வழியில்லை. கப்பல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்து வந்த விமானங்களுக்கு அது விலகித் திரும்பமுடியாத இலக்கு. மொத்தம் நான்கு டார்பிடோக்கள் பட்டன என்பது 2007-ல் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது உறுதியானது. முதலாவது மட்டுமே கப்பலை முடமாக்கிவிட்டது.

ஷாஃப்ட் எவ்வளவு நுணுக்கமான சாமான் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஷாஃப்டின் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் கப்ளிங்கில், முள் வைத்த அளவுக்கருவியான டயல் கேஜை மாட்டி, ஷாஃப்டைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, நான்கு இடத்தில் முள் எவ்வளவு நகர்கிறது என்று குறிப்போம். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு, ஆறு பங்கு என்றுதான் பேச்சே. பகல் வெயிலில் ரீடிங் எடுக்கக்கூடாது. வெயில் பட்ட பக்கம் இரும்பு விரிந்து கப்பலே லேசாக வளைந்திருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எடுப்போம். தண்ணீரில் மிதக்கவிட்ட பிறகு கப்பலின் உடம்பு வேறு மாதிரி உட்காரும், மறுபடி எடுப்போம். எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணன், பட்டுக்கோட்டைக்காரர், "தம்பி, முள்ளைப் பார்க்கிறப்ப மூச்சைக்கூட மெதுவா விடுடா" என்பார். அந்தக் கை வர எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

அதனால் 2022 ஆகஸ்டில் வந்த செய்தி எனக்கு நெஞ்சில் குத்தியது. அதே பெயரைச் சுமக்கும் புதிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், 65,000 டன் விமானம் தாங்கிக் கப்பல், போர்ட்ஸ்மவுத்தை விட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பி, வைட் தீவைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. வலதுபக்க ஷாஃப்டின் கப்ளிங் உடைந்துவிட்டது. எதிரி யாருமில்லை, டார்பிடோவும் இல்லை. பொருத்தியபோதே ஷாஃப்டின் நேர்கோடு பிசகியிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் இருக்கும் ரோசைத் பட்டறைக்குக் கொண்டுபோய், 2023 கோடையில்தான் திரும்ப வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் அதன் அக்காள் கப்பலான குயீன் எலிசபெத்துக்கும் ஷாஃப்ட் கப்ளிங்கில் கோளாறு வந்து, நேட்டோ பயிற்சிக்குப் போகமுடியாமல் போயிற்று.

பலம் எங்கே போயிற்று என்றால், என் பதில் இதுதான்: பட்டறையிலிருந்து போயிற்று. 1939-ல் பிரிட்டனிடம் பேட்டில்ஷிப், பேட்டில்குரூசர் சேர்த்து பதினைந்து இருந்தன. போரில் ஐந்து போயின. ராயல் ஓக்கையும் பார்ஹாமையும் நீர்மூழ்கிகள் கொன்றன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் ரிபல்ஸையும் விமானங்கள் கொன்றன. எதிரியின் பீரங்கிக்குப் பலியானது ஹூட் ஒன்றுதான். பீரங்கிக்காகவே கட்டிய கப்பலுக்கு இனி வேலையில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பேட்டில்ஷிப் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கப்பலைத் தாங்கிய இடங்களும் கைகளும் ஒவ்வொன்றாகப் போயின. திருகோணமலைத் தளத்தை 1957-ல் இலங்கையிடம் கொடுத்தார்கள். செம்பவாங் டாக் 1968-ல் சிங்கப்பூர் கைக்கு வந்தது. உள்நாட்டிலேயே சாத்தம் கப்பல் தளத்தை 1984-ல் மூடினார்கள். ட்ரெட்நாட்டைக் கட்டிய போர்ட்ஸ்மவுத்தில் 2014-ஓடு கப்பல் கட்டுவது நின்றது. டயல் கேஜில் மூச்சை அடக்கிப் படிக்கும் ஆளை, தேவைப்படும் வருடத்தில் விளம்பரம் போட்டு எடுக்கமுடியாது. இது யாரையும் குறைசொல்லும் பேச்சில்லை. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்து பார்த்துச் சொல்கிறேன்.

பிரிட்டனின் கடற்படை ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்றும் யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். அணு ஏவுகணை சுமந்த நீர்மூழ்கி ஒன்றாவது 1969-லிருந்து இடைவிடாமல் கடலுக்கடியில் இருக்கிறது. அடுத்த தலைமுறை நான்கு நீர்மூழ்கிகளுக்கு ட்ரெட்நாட், வேலியன்ட், வார்ஸ்பைட், ஆறாம் ஜார்ஜ் என்று பழைய பேட்டில்ஷிப்களின் பெயரும், எங்கள் டாக்கின் பெயரும் வைத்திருக்கிறார்கள். 1982-ல் எட்டாயிரம் மைல் தாண்டி ஃபாக்லாண்டுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். 2025-ல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் இந்தியப் பெருங்கடல் வழியாக வந்தபோது, அதிலிருந்து கிளம்பிய எஃப்-35 விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் நின்றதை நீங்களும் படித்திருப்பீர்கள். அதே ஜூனில் கப்பல் சிங்கப்பூருக்கும் வந்தது. ஷாஃப்ட் நன்றாகச் சுற்றுகிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

பிரிட்டன் கட்டிய பேட்டில்ஷிப்பை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், பிரிட்டன் தன்னுடைய ட்ரெட்நாட் காலத்துப் பேட்டில்ஷிப்களில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிரிட்டனில், பாரோவில் கட்டிய மிகாசா என்ற பேட்டில்ஷிப் ஜப்பானில், யோகோசுகாவில், அருங்காட்சியகமாக நிற்கிறது. அதைத்தான் போய்ப் பார்க்கவேண்டும்.

குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் இரண்டையும் பழைய இரும்புத் திருடர்கள் வெடிவைத்துக் கிழித்திருக்கிறார்கள். ரிபல்ஸின் வெண்கலப் புரொப்பெல்லர்களைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 840 பேரின் கல்லறை அது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் அந்த வழியாகப் போகும்போது மேலே நின்று அஞ்சலி செலுத்திவிட்டுப் போகின்றன. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மேல், தண்ணீருக்குள், ஒரு மிதவைக் கயிற்றில் ஒயிட் என்சைன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கொடி கட்டியிருக்கும். நைந்துபோனால் முக்குளிப்பவர்கள் இறங்கிப் புதுக் கொடி மாற்றுவார்கள். அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கப்பலின் ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்டில்தான் கட்டியிருக்கிறார்கள்.