பொது இடம் என்றால் பின்தொடரலாமா?

கேள்வி: தங்கைக்கு வரன் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் ஒரு டிடெக்டிவை வைத்து இரண்டு வாரம் அவளைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாப், ஆபீஸ் வாசல், டீக்கடை என்று கவர் நிறைய போட்டோ. கூட வேலை செய்பவரோடு அவள் டீ குடிக்கும் படத்தில் சிவப்பு வட்டம் வேறு. கேட்டால், “பொது இடத்தில்தானே எடுத்தோம்” என்கிறார்கள். இது சரியா? (வாசகர், தாம்பரம்)

பதில்: சரியே இல்லை. மாப்பிள்ளை பெண் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது நம் ஊரில் காலங்காலமாக உள்ளதுதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டீக்கடையில் நிற்பவளை நாலு பேர் பார்ப்பதும், ஒரே ஆள் பதினான்கு நாள் பின்னாலேயே போய், எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு சிரித்தாள் என்று சேர்த்துக் கட்டி மூன்றாம் மனிதருக்கு விற்பதும் ஒன்றா? பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

சட்டத்தில் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பின்தொடர்வதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 78-வது பிரிவு, விருப்பமில்லை என்று அவள் காட்டிய பிறகும் விடாமல் பேசிப் பழக முயல்பவனையும், அவளுடைய இணையம், இமெயில் போன்றவற்றைக் கண்காணிப்பவனையும்தான் பிடிக்கிறது. வாயே திறக்காமல் தள்ளி நின்று படம் எடுப்பவன் அதில் நழுவிவிட வாய்ப்பு அதிகம். இந்த டிடெக்டிவ் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 2007-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவும் சட்டமாகவே இல்லை.

ஆகவே அந்தக் கவரை முழுசாகப் பாருங்கள். போட்டோவுக்கு நடுவே அவளுடைய செல்போன் அழைப்புப் பட்டியல் இருந்தால் நேராகப் போலீசுக்குப் போங்கள், அதை எந்த டிடெக்டிவும் நேர்வழியில் வாங்கியிருக்க முடியாது. கணவன் ஒருவர் தன் மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்புப் பட்டியலையே 2024-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சாட்சியமாக ஏற்க மறுத்தது. இங்கே இன்னும் நிச்சயதார்த்தம்கூட ஆகவில்லை.

அப்புறம் ஒன்று. படத்தை மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள், நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் தங்கையிடம் காட்டினீர்களா? இந்தச் சம்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்பதை, அதைப் பார்த்த பிறகு அவள் சொல்லட்டும்.