குமரிக்குத் தனியாக வரும் பெண்களுக்கு: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தனியாகவோ தோழிகளோடோ வருகிற பெண்கள் எதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ரயில், அறை, கடல், கழிப்பறை, மாதவிலக்கு எல்லாவற்றுக்கும் இங்கே பதில் உண்டு.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): அக்கா, ராத்திரி 2 மணிக்கு நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்குவேன். அப்போதே ஆட்டோ பிடித்துக் கன்னியாகுமரி போய்விடலாமா?

வேண்டாம் மக்களே. அது ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பாதி வழி ஆள் நடமாட்டம் இருக்காது. டிக்கெட்டைக் காட்டிப் பயணிகள் காத்திருப்பு அறையில் உட்காருங்கள். பையின் வாரை நாற்காலிக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டுங்கள். வெளிச்சம் வந்ததும் பஸ் ஏறுங்கள். உள்ளூர் டவுன் பஸ் அண்ணா பேருந்து நிலையத்தில், வெளியூர் பஸ் வடசேரியில். இரண்டும் வேறு வேறு இடம், இறங்கிய பிறகு குழம்பாதீர்கள்.

இதைவிட நல்லது, கன்னியாகுமரி வரையே வந்து விடியும் நேரத்தில் நிற்கும் ரயிலுக்கு முன்பதிவு செய்வது. கடைசி ஸ்டேஷன் அதுதான் என்பதால் தூங்கிப்போய் ஊரைத் தவறவிடவும் வழியில்லை. முன்பதிவில் மகளிர் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். நெடுந்தூர எக்ஸ்பிரஸ்களின் ஸ்லீப்பர் வகுப்பில் வயது வித்தியாசமின்றிப் பெண்களுக்கென்று 6 படுக்கைகள் உண்டு. பொதுவில் எடுத்தால் மேல்படுக்கை கேளுங்கள். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை நடைபாதையை ஒட்டியது. போகிறவர் வருகிறவர் கை படும், கால்மாட்டில் வந்து உட்காருவார்கள். வண்டிக்குள் தொந்தரவு என்றால் 139. பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் முதலில் சொல்லுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): லாட்ஜ் அறையில் ரகசியக் கேமரா இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கண்ணாடியில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியுமாமே?

விரல் சோதனையை நம்பாதீர்கள். விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி வருவதும் வராததும் ரசப்பூச்சு கண்ணாடியின் முன்பக்கமா பின்பக்கமா என்பதைப் பொறுத்தது. பின்னாலிருந்து ஆள் பார்க்கக்கூடிய இருபக்கக் கண்ணாடியிலும் பூச்சு பின்னால் இருக்கலாம். கண்ணாடியைச் சுவரிலிருந்து லேசாக இழுத்துப் பார்ப்பதே மேல்.

சரியான முறை இது. விளக்கை அணைத்துத் திரைச்சீலையை மூடுங்கள். போனின் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், பார்வைக் கோட்டிலேயே பிடித்து அறையை மெதுவாக ஒரு சுற்றுப் பாருங்கள். லென்ஸ் இருந்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி திரும்ப மின்னும். டார்ச்சை இடுப்புயரத்தில் பிடித்தால் அந்த மினுக்கம் கண்ணுக்கு வராது. பலர் தவறுவது இங்கேதான். படுக்கையையும் குளியலறையையும் நேராகப் பார்க்கும் பொருள்களை முதலில் பாருங்கள்: புகை உணர்கருவி, சுவர்க்கடிகாரம், செட்டாப் பெட்டி, காற்றுத் துளை, பிளக்கில் சும்மா செருகியிருக்கும் சார்ஜர், துணி மாட்டும் கொக்கி.

இருட்டில் படம்பிடிக்கும் கேமராவுக்கு இன்னொரு சோதனை உண்டு. டிவி ரிமோட்டின் முனையைச் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஊதாவாக ஒளிர்ந்தால் உங்கள் போன் அகச்சிவப்பைப் பார்க்கும். அதே கேமராவால் இருட்டறையை ஒரு சுற்றுப் பாருங்கள். ஒளிரவில்லை என்றால் அந்தப் போனில் இந்தச் சோதனை செல்லாது. அகச்சிவப்பு விளக்கு இல்லாத கேமரா இதில் சிக்காது, அதனால் டார்ச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

ஏதாவது கிடைத்தால் கழற்றாதீர்கள், கைரேகை அழியும். படம் எடுத்துவிட்டு அதன்மேல் துண்டைப் போடுங்கள். வெளியே வந்து 112 அழையுங்கள். வரவேற்பில் முதலில் சொன்னால் போலீஸ் வருவதற்குள் பொருள் காணாமல் போகும்.

இன்னும் இரண்டு விஷயம். ஆதார் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நகல் என்றால் குறுக்கே தேதியும் ‘அறை வாடகைக்கு மட்டும்’ என்றும் எழுதுங்கள். கதவுக்கு அடியில் வைக்கும் ரப்பர் ஆப்பு வாங்கி வந்தால் நல்லது, ஆனால் உள்பக்கம் திறக்கும் கதவுக்குத்தான் அது பயன்படும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், அங்கே தாழ்ப்பாளை அசைத்துப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): முக்கடல் சங்கமத்தில் சேலையோடு குளிக்கலாமா?

நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும், பாசிப்பாறையில் வழுக்கினால் எழுந்திருக்க முடியாது. ஷால் இல்லாத அடர்நிறச் சுடிதார் போதும். கட்டிய படித்துறையை விட்டு நகராதீர்கள். உடை மாற்றும் அறையில் கூட்டமாக இருந்தால் தோள்வரை இழுக்கக்கூடிய எலாஸ்டிக் பாவாடைக்குள்ளேயே மாற்றிவிடலாம். எந்தத் துளை வழியாக யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

ஏப்ரல், மே மாதங்களில் ‘கள்ளக்கடல்’ என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்று இருக்காது, மேகம் இருக்காது. எங்கோ தெற்கே ஆழ்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணித்து இங்கே வந்து சட்டென்று ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இப்படிப்பட்ட கடலில் இறந்தார்கள். எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் கணுக்கால்கூட நனைக்க வேண்டாம். சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரைகளிலும் இதே விதிதான். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக ஒதுங்கி, இழுப்பு குறைந்த இடத்தில் திரும்புங்கள்.

கேள்வி (திருச்சி): விவேகானந்தர் பாறைக்கு அம்மாவை அழைத்து வருகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

செருப்பைக் கழற்ற வேண்டும், நண்பகலில் கருங்கல் தரை கால் வைக்க முடியாமல் சுடும். கனமான பருத்திக் காலுறை ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்து வாருங்கள். படகு காலை 8 மணிக்கு ஆரம்பிக்கும், அப்போதே வரிசையில் நிற்பது நல்லது. 2024 டிசம்பரில் திறந்த, பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் காற்று பலமாக அடிக்கும். முந்தானையைத் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என ஊக்குக் குத்துங்கள். உள்ளே லெக்கிங்ஸ் இருந்தால் கவலையே இல்லை. கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். அதே நாள் மாலை ரயிலுக்கு டிக்கெட் போட்டு நெருக்கடியில் மாட்டாதீர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): கோயிலுக்குப் போகும் நாளில் மாதவிலக்கு வரும்போல் இருக்கிறது. தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடலாமா?

கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். அது நாரெதிஸ்டெரோன் என்ற ஹார்மோன். வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு 3 வேளை, எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். உதிரம் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. நிறுத்திய 2, 3 நாளில் வந்துவிடும், அதாவது திரும்பும் ரயிலில் வரலாம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலில் ரத்தக்கட்டு வந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பம் என்ற சந்தேகம் உள்ளவர்களும் போடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பயணத்தில் ரத்தக்கட்டு அபாயம் கூடுகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மாதவிலக்குக் கப் பயன்படுத்துவோருக்கு: கடலோர விடுதிகளில் குழாய்த்தண்ணீர் உப்பாக இருக்கலாம். குடிநீர்ப் பாட்டிலில் கழுவுங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி (நெல்லை): கழிப்பறைக்குப் பயந்து பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. சரிதானே?

சரியே இல்லை. இந்த உப்புக்காற்றிலும் வெயிலிலும் தண்ணீர் குறைத்தால் சிறுநீர்க்கடுப்பு வரலாம், மிச்சப் பயணம் வீண். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள், 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போங்கள். போக வேண்டும் என்று தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம், நல்ல இடம் கண்ட உடனே போய்விடுங்கள். நாலுவழிச் சாலைப் பெட்ரோல் பங்க், பெரிய சாப்பாட்டுக் கடை, இந்த இரண்டும் வழியில் நம்பலாம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ‘வெள்ளம் வேணுமா’ என்று கேட்டால் குடிக்கத் தண்ணீர் தருகிறார்கள் என்று அர்த்தம், பயப்படாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): திற்பரப்பு அருவியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டா?

உண்டு. செயின், கொலுசு, மெட்டி எல்லாம் அறையிலேயே கழற்றி வையுங்கள். அருவியில் போனது திரும்பாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வராதீர்கள், பாறை வழுக்கும். கோதையாற்றில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை என்றால் திரும்பிவிடுங்கள். பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கலாம், திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி (விருதுநகர்): டவுன் பஸ்ஸில் ஒருத்தர் உரசினால் என்ன செய்ய?

பெண்களுக்கு இலவசப் பயணமுள்ள பஸ்ஸிலும் கண்டக்டர் தரும் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். எந்த பஸ், எந்த நேரம் என்பதற்கு அதுவே சான்று. ‘நீலச் சட்டை அண்ணே, கையை எடுங்க’ என்று சட்டை நிறத்தைச் சொல்லிச் சத்தம் போடுங்கள். ‘ஏய்’ என்றால் யாரென்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது, எல்லை பார்க்காமல் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆலோசனைக்குப் பெண்கள் உதவி எண் 181.

கேள்வி (ஓர் அம்மா, ஈரோடு): மகள் தனியாக வருகிறாள். வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பச் சொன்னால் போதுமா?

நேரலை இருப்பிடத்தை 8 மணி நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் போதாது. ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கம் சிக்னல் போகும். புள்ளி அப்படியே நிற்கும். நிற்கிறது என்பதற்காகப் பதறாமல், கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பாருங்கள். மலை ஏறும் முன்பே ‘5 மணிக்குள் குலசேகரம் வந்து கூப்பிடுவேன், 6 வரை வராவிட்டால் 112 அழை’ என்று மகளும் நீங்களும் பேசி வையுங்கள். ஆட்டோவோ காரோ ஏறும்போது எண் தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாகர்கோவில் வண்டி என்றால் டிஎன் 74, மார்த்தாண்டம் என்றால் டிஎன் 75. ஆப்பில் காட்டிய எண்ணும் வந்த வண்டியின் எண்ணும் ஒன்றில்லை என்றால் ஏற வேண்டாம். கார் என்றால் உட்காரும் முன் பின்கதவின் விளிம்பில் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது, டிரைவரை எடுத்துவிடச் சொல்லிவிட்டு ஏறட்டும்.