நாலு முறை படித்தும் நம்பிக்கை வரவில்லை

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வரி மெயிலைக்கூட நாலைந்து முறை படித்துத்தான் அனுப்புவேன். அனுப்பிய பிறகும் திறந்து பார்ப்பேன். இதனாலேயே வீடு திரும்ப எட்டு மணி ஆகிவிடுகிறது. வீட்டில் கணவர் மடித்து வைத்த துணியைக் கலைத்து நானே மறுபடி மடிப்பேன். பத்தாம் வகுப்பில் ரெக்கார்டு நோட்டில் ஒரே ஒரு அடித்தல் இருந்ததற்கு முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதவைத்தவர் என் அப்பா. போன வாரம் என் ஏழு வயது மகள் ஒரு எழுத்து சரியாக வரவில்லை என்று அழித்து அழித்து, தாள் கிழிந்து, அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால், "நீ திட்டுவேன்னு பயமா இருந்துச்சும்மா" என்கிறாள். எனக்கு அடிக்கடி தலைவலி, தூக்கமும் சரியில்லை. எதையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பது நோயா? மாத்திரை வேண்டுமா?

பதில்: நோய் இல்லை. பெர்ஃபெக்‌ஷனிசம் என்று நாங்கள் சொல்வது ஒரு குணப்போக்கு. அதற்கென்று தனியாக மாத்திரை கிடையாது. ஆனால் குணம்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். மனச்சோர்வும் பதற்ற நோயும் இந்தப் போக்கு உள்ளவர்களுக்கு எளிதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

வேலை நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மெயிலில் பிழை வந்தால் 'மெயிலில் பிழை' என்று உங்கள் மனம் நிற்பதில்லை. 'நான் சரியில்லை' என்று போய்விடுகிறது. ஒவ்வொரு மெயிலும் உங்களுக்கு மார்க் போடும் பரீட்சையாகிவிட்டால் யாருக்குத்தான் தலை வலிக்காது?

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, அடுத்தவர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன. மெயில் முதல் வகை, துணி இரண்டாவது, ரெக்கார்டு நோட்டு மூன்றாவது. அந்த மூன்றாவதில்தான் இப்போது உங்கள் மகளும் உட்கார்ந்திருக்கிறாள். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவள் அழுததைக் கவனித்து, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம்.

நாலு முறை படித்தும் ஏன் நம்பிக்கை வரவில்லை? 2003-ல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. கணினித் திரையில் தெரியும் கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப அணைத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசியாக எதைச் சரிபார்த்தோம் என்ற நினைவு கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த நினைவு மங்கலாகி, அதன் மேல் இருந்த நம்பிக்கை இறங்கிவிட்டது. உங்களுக்கு நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் சந்தேகத்தைத் தீர்க்கப் படிக்கிறீர்கள், படிப்பதே சந்தேகத்தை வளர்க்கிறது.

அதனால் 'இனி கவலைப்படாதீர்கள்' என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கேட்கிற மனமாக இருந்தால் எனக்கு எழுதியிருக்கவே மாட்டீர்கள். சோதித்துப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மெயிலைத் தேர்ந்தெடுத்து, ஒரே முறை படித்து அனுப்பப் போகிறேன் என்று முடிவு செய்யுங்கள். அனுப்பும் முன், என்ன விபரீதம் நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை அப்படியே எழுதுங்கள்: 'மேனேஜர் கூப்பிட்டுத் திட்டுவார்.' அது நடக்க நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்றும் பக்கத்தில் போடுங்கள். அனுப்பிய பிறகு அதைத் திறக்கக் கூடாது. முதல் அரை மணி நேரம் கை பரபரக்கும். பரபரக்கட்டும், எதுவும் செய்யாமல் இருந்தாலே மெல்ல அடங்கும். மாலையில் உண்மையில் நடந்ததை எதிரே எழுதுங்கள்.

எல்லா வேலையிலும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஜிஎஸ்டி கணக்கு, இன்வாய்ஸ் தொகை இவற்றில் ஓர் எண் மாறினால் சிக்கல்தான். அவற்றை இரண்டு முறை பாருங்கள், அத்தோடு நிறுத்துங்கள். 'வவுச்சர் கிடைத்தது, நன்றி' என்ற மெயிலுக்கு ஒரு முறை போதும். எதற்கு எத்தனை முறை என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பயம் வந்த பிறகு முடிவு செய்தால் பயம்தான் ஜெயிக்கும்.

அப்புறம், கணவர் மடித்த துணி. அப்படியே அலமாரியில் வையுங்கள். இரண்டு நாள் உறுத்தும்.

மகளிடம் 'தப்பு வந்தால் பரவாயில்லை' என்று வாயால் சொன்னால் போதாது. குழந்தைகள் நம் முகத்தைத்தான் படிக்கிறார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மளிகைப் பட்டியல் எழுதுங்கள். ஒரு சொல்லை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதி, மேலே போய்க்கொண்டே இருங்கள். ஒரு மாதத்துக்கு வீட்டுப்பாடத்தில் ரப்பர் வேண்டாம், அவளும் அப்படியே அடித்து எழுதட்டும். வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தலைவலியை முழுவதுமாக மனதின் தலையில் கட்ட வேண்டாம். ரத்த அழுத்தம், கண் பார்வை, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

வேண்டாத எண்ணங்கள் விடாமல் வந்து, சரிபார்ப்பதிலேயே நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால் அது ஓசிடி என்கிற மனநோயாக இருக்கலாம். அதற்கு மாத்திரையும் உண்டு, நல்ல பலனும் உண்டு. மனநல மருத்துவர் உங்களை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும் அவரிடம் போங்கள். மேலே சொன்ன மெயில் சோதனை சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையின் ஒரு பகுதி. தனியாகச் செய்ய முடியாவிட்டால் உளவியலாளர் ஒருவர் கூட இருந்து செய்யவைப்பார். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

நான்கு வாரம் கழித்து அந்தச் சின்ன நோட்டைப் பிரித்து, நீங்கள் பயந்ததில் எத்தனை நடந்தது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். கடிதத்தில் அடித்தல் இருந்தால் அப்படியே அனுப்புங்கள்.