2035 என்ற எண்

கடிதம்:

வணக்கம் ஐயா. இமயமலைப் பனியாறுகள் எல்லாம் 2035க்குள் காணாமல் போய்விடும் என்று ஐநா விஞ்ஞானிகளே சொன்னார்களாம். இன்னும் பத்து வருடம்கூட இல்லை, கங்கை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா இதைப் போட்டு, "இவனுங்க சொல்றதையா நம்புற?" என்று கேட்கிறார். பருவநிலை மாற்றம் உண்மை என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் பதில் சொல்ல வரவில்லை.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பா அனுப்பியது புரளி இல்லை. ஐநாவின் பருவநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 2007ல் கொடுத்த அறிக்கையில், ஆசியா பற்றிய அத்தியாயத்தில் அந்த வரி அப்படியே இருந்தது, அதுவும் "மிக அதிக வாய்ப்பு" என்ற முத்திரையோடு. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் சிரிப்பதா அழுவதா தெரியாது. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் 2005 அறிக்கை, அதற்கு ஆதாரம் 1999ல் ஒரு அறிவியல் பத்திரிகையில் வந்த செய்தி, அந்தச் செய்திக்கு ஆதாரம் ஓர் இந்திய ஆய்வாளரின் பேட்டி. கூடவே, உலகத்துப் பனியாறுகளைப் பற்றி ரஷ்ய விஞ்ஞானி ஒருவர் 2350ஆம் ஆண்டுக்குப் போட்ட ஒரு மதிப்பீடும் 2035 ஆகி அந்தப் பத்தியில் உட்கார்ந்திருந்தது.

பல நூறு அடி தடிமனுள்ள பனி, சராசரியாக வருடத்துக்கு அரை மீட்டர் அளவில் மெலிகிறது. சும்மா வகுத்துப் பார்த்தாலே 2035 நடக்காது என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னவர்கள் யார்? பனியாறுகளையே ஆராய்கிறவர்கள்தான். கனடாவின் கிரஹாம் காக்லி மூலத்தைத் தோண்டி எடுத்தார். ஆஸ்திரியாவின் கியோர்க் காசர் தான் 2006லேயே எச்சரித்ததாகச் சொன்னார். அவர் அதே ஐபிசிசி அறிக்கையின் இன்னொரு பகுதிக்கு எழுதியவர், அந்தப் பகுதியில் இந்தத் தவறு கிடையாது.

சரி, தவறு என்றால் திருத்திவிட்டுப் போயிருக்கலாமே? அங்கேதான் கெட்டது. 2009 நவம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னாவின் ஆய்வறிக்கையை வெளியிட்டார். பனியாறுகள் அசாதாரணமாகச் சுருங்கவில்லை என்றது அது (அதிலும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன், வெப்பமாதலை ரொம்பவே லேசாக எடுத்துக்கொண்ட அறிக்கை). ஐபிசிசி தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக விஞ்ஞானம் என்று கிண்டலடித்தார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், அவருடைய அமைப்பே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு பத்தி தவறு என்பதை மக்கள் மறந்திருப்பார்கள். கேள்வி கேட்டவனை ஏளனம் செய்ததை மறக்கவில்லை, என் கணிப்பில் அவநம்பிக்கை அங்கேதான் வேர் பிடித்தது.

அப்புறம் உலக அறிவியல் அகாடமிகளின் கூட்டமைப்பு ஐபிசிசியின் நடைமுறைகளையே ஆராய்ந்து, ஆகஸ்ட் 2010ல் அறிக்கை கொடுத்தது. மதிப்பாய்வாளர்கள் எழுப்பும் ஆட்சேபங்களை ஒழுங்காகக் கவனிக்க வேண்டும், சான்று போதாத இடத்தில் "அதிக வாய்ப்பு" என்றெல்லாம் போடக்கூடாது என்றது.

ஆகவே பெரியப்பாவிடம் "அந்த எண் தப்பு" என்று முதலில் சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். பிறகு காட்மாண்டுவில் இருக்கும் மலைப்பகுதி ஆய்வு மையமான ஐசிமோட் 2019ல் சொன்னதைச் சொல்லலாம்: வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் 2100க்குள் இந்து குஷ் இமயமலைப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், இப்போதைய வேகத்திலேயே கரியமில வாயுவை உமிழ்ந்துகொண்டிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. அந்த "நிறுத்தினாலும்", "இருந்தால்" இரண்டையும் வெட்டிவிட்டு எண்ணை மட்டும் சிவப்பு எழுத்தில் அனுப்பாதீர்கள், நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது அதுதான்.

கங்கை ஓடுகிறதே என்கிறீர்கள். சமவெளிக்கு வந்தபிறகு கங்கையில் ஓடுவது பெரும்பாலும் மழை நீரும் நிலத்தடி ஊற்று நீரும்தான், பனியாறுகளின் பங்கு சிறிது. அது ஓடுவதை வைத்து மலைமேல் நடப்பதைச் சொல்ல முடியாது. உருகும் பனியை அதிகம் நம்பி இருப்பது சிந்து. பெரியப்பாவுக்கு ஆர்வம் இருந்தால் அந்தப் பக்கம் பேச்சைத் திருப்புங்கள்.