கிரெடிட் வாங்கினால் ஈரநிலத்தை மூடிவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே பக்கம் வீடு கட்ட 3 ஏக்கர் மனை வாங்கியிருக்கிறேன். பின்பக்கம் மரங்களுக்கு நடுவே 30 சென்ட் ஈரநிலமாம். 'கிரெடிட் வாங்கிவிட்டால் மண் அடித்து மூடிவிடலாம்' என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

பதில்: கிரெடிட் என்றால், இங்கே அழிக்கும் ஈரநிலத்துக்கு ஈடாக, வேறிடத்தில் மீட்டெடுத்த ஈரநிலத்துக்குப் பணம் கட்டுவது. கடைசியில் செய்ய வேண்டியதை அவர் முதலில் சொல்கிறார். தூய நீர்ச் சட்டத்தின் 404-வது பிரிவின்படி, ஈரநிலத்தில் மண் கொட்ட ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். முதலில் சேதத்தைத் தவிர்க்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைக்க வேண்டும். அப்புறமும் மிஞ்சுவதற்குத்தான் ஈடு. 1990-லேயே எழுதிவைத்த வரிசை இது. 2008-ல் வந்த ஈட்டு விதியும் இதை மாற்றவில்லை. 3 ஏக்கரில் வீட்டைத் தள்ளிக் கட்ட இடமில்லை என்றால் எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அது ஈரநிலம்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஆகஸ்டில் போனால் காய்ந்த காடு போலத்தான் இருக்கும். ஓரடி ஆழம் துளைத்து மண்ணை எடுத்தால் கதை தெரியும்: சாம்பல் நிறம், நடுவில் வேர் போன வழியெல்லாம் துருப்பிடித்த மாதிரி சிவப்புக் கோடுகள். நீர் நின்று நின்று மண்ணில் உள்ள இரும்பு காட்டும் அடையாளம் அது. மண், செடிகள், நீர் மூன்றையும் பார்த்து எல்லை குறிக்கிற ஆலோசகரை வையுங்கள்.

இன்னொன்று: 2023-ல் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓடை, ஏரி போன்ற நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலத்துக்குத்தான் மத்தியச் சட்டம் பொருந்தும் என்றது. அதே ஆண்டு வட கரோலினாவும் தன் பாதுகாப்பை அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் உங்கள் ஈரநிலம் சட்டத்துக்கு உள்ளே வருமா, வெளியே போகுமா என்பதைக் கான்ட்ராக்டர் சொல்ல முடியாது. பொறியாளர் படையின் வில்மிங்டன் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். முறையான தீர்மானம் 5 ஆண்டு செல்லும்.

உள்ளே வந்தால், வீடு கட்டுவதற்கான பொது அனுமதி (சிறிய வேலைகளுக்கு முன்கூட்டியே வகுத்துவைத்த அனுமதி) 50 சென்ட் வரைதான். சேதம் 10 சென்ட்டைத் தாண்டினால் பொதுவாக ஈடு கேட்பார்கள், குறைந்தது ஒன்றுக்கு ஒன்று. மரங்கள் உள்ள ஈரநிலத்துக்கு அதற்கு மேலும் கேட்கலாம். ஆகவே வீட்டை முன்பக்கம் நகர்த்தி, ஈரநிலத்தில் படுவதை 7, 8 சென்ட்டில் முடித்தால் ஈடே கேட்காமல் போகலாம். வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் போதும்!

அப்படியும் ஈடு தேவைப்பட்டால், 2008 விதி முதலில் காட்டுவது மிட்டிகேஷன் பேங்கை. வேறிடத்தில் ஈரநிலத்தை முன்கூட்டியே மீட்டெடுத்து, அதைக் கிரெடிட்டாக விற்பவர்கள் இவர்கள். அங்கே இல்லையென்றால், ஈடு செய்வதற்காகக் கட்டணம் கட்டும் திட்டம். வட கரோலினாவில் மாநில அரசே ஒன்றை நடத்துகிறது. கிரெடிட் உங்கள் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வாங்கியதும் பொறுப்பு விற்றவருக்குப் போய்விடும். அந்தக் கைமாற்றுப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்களே ஈரநிலம் உருவாக்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் 12 அம்சத் திட்டம், நிதி உத்தரவாதம், குறைந்தது 5 ஆண்டு கண்காணிப்பு என்று இழுக்கும். வேண்டாம்.

பேங்குக்கு ஏன் முன்னுரிமை? அனுமதி வாங்கியவர்களே செய்த ஈடுகள் பல சரியாக வரவில்லை. ஈரநிலத்தின் பயன்பாடுகளில் 'நிகர இழப்பு இல்லை' என்ற இலக்கு எட்டப்படவில்லை என்று தேசிய ஆராய்ச்சிக் குழு 2001-ல் சொன்னது. பேங்க் நன்றாக நடந்தாலும், நட்ட கன்று காடாக ஒரு தலைமுறை ஆகும். பிப்ரவரியில் மழை விட்ட இரவு உங்கள் மனையின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். விரல் நுனியளவுத் தவளைகள் காது அடைக்கிற மாதிரி கத்தும். வேறு ஊரில் வாங்கும் கிரெடிட் அவற்றுக்கு வீடாகாது.

செப்டிக் டேங்க் வைப்பதாக இருந்தால், அந்த ஈர மண் அதற்கும் உதவாது. மாவட்டச் சுகாதாரத் துறையின் மண் சோதனையையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை பின்பக்கம் ஜேசிபி போகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.