தாத்தா அனுப்பிய 45 வெள்ளி

கேள்வி: மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தா 1937-ல் பாட்டிக்கு எழுதிய கடிதம் ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. "45 வெள்ளி கட்டியிருக்கிறேன், 70 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும், வாங்கிக்கொள்" என்று எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் இன்று 45 வெள்ளி அனுப்பினால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கைக்கு வருகிறது. தாத்தாவை யாராவது ஏமாற்றிவிட்டார்களா?
ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: ஏமாற்றவில்லை அம்மா, தாத்தா கணக்கில் கெட்டிக்காரர். அப்போது வெள்ளிக்கும் ரூபாய்க்கும் நேரடியாக விலை பேசவில்லை, இரண்டையும் லண்டனில் உள்ள பவுனோடு (தங்கமல்ல, பிரிட்டிஷ் பவுண்டு) கட்டிப்போட்டிருந்தார்கள். மலாயா வெள்ளி, அதாவது அந்த ஊர் டாலர், 1906-லிருந்து 2 ஷில்லிங் 4 பென்ஸ், நம் ரூபாய் 1927-லிருந்து 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால் வெள்ளி 28, ரூபாய் 18 என்று ஆகிறது. வகுத்துப் பாருங்கள், 9 வெள்ளிக்குச் சரியாக 14 ரூபாய், 45 வெள்ளிக்கு 70 ரூபாய். குறைந்த சில்லறை பணம் அனுப்பிக் கொடுத்தவரின் கமிஷனாக இருக்கும், அது இன்றைக்கும்தான் போகிறது. (உங்கள் கொள்ளுத்தாத்தா 1910 வாக்கில் போயிருந்தால் கணக்கு இன்னும் சுலபம். அப்போது ரூபாய் 16 பென்ஸ்தான், 4 வெள்ளிக்கு 7 ரூபாய்.)

1949-ல் பவுன் மதிப்பைக் குறைத்தபோது ரூபாயும் வெள்ளியும் கூடவே இறங்கின, அதனால் நமக்கும் மலாயாவுக்கும் நடுவே எதுவும் மாறவில்லை. ஜப்பான்காரன் வந்துபோன மூன்றரை வருஷத்தைத் தள்ளிவிட்டால், ஏறக்குறைய நாற்பது வருஷம் ஒரே விலை! முடிச்சு அவிழ்ந்தது 1966 ஜூன் 6-ல். இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, மலேசியா குறைக்கவில்லை. முதல் நாள் வரை ஒன்றரை ரூபாய்ச் சொச்சமாக இருந்த வெள்ளி மறுநாள் 2 ரூபாய் 45 காசு. தாத்தாவின் 45 வெள்ளி அன்றைக்கு வந்திருந்தால் 110 ரூபாய். அதற்கப்புறம் ரூபாய் திரும்பிப் பார்க்காமல் இறங்கியது, 1991 ஜூலையில் இன்னொரு பெரிய சறுக்கல்.

ஆனால் "அந்தக் காலத்தில் ரூபாய் எவ்வளவு பலமாக இருந்தது பார்" என்று பெருமூச்சு விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தாத்தா கடிதம் எழுதிய காலத்தில்தான் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி மலாயா போய்ப் பார்த்துவிட்டு, தமிழ்த் தொழிலாளிக்கு நாள்கூலி 50 காசாக (அரை வெள்ளி) இருக்கவேண்டும் என்று சொன்னார், பெண்ணுக்கு 40. அதாவது அந்த 45 வெள்ளி, சாப்பாடு துணிமணி எதுவும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 90 நாள் பால்மரம் வெட்டிய கூலி. உங்கள் மகனுக்கு 45 வெள்ளி சம்பாதிக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை சைகோனில் இருந்தவர்கள். பியாஸ்தருக்கு எத்தனை ரூபாய் கிடைத்திருக்கும்?
ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: எந்த வருஷம் என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுவார்! பியாஸ்தர் என்பது சைகோன் இருந்த பிரெஞ்சு இந்தோசீனாவின் நாணயம். 1895-க்குப் பிந்தைய பியாஸ்தர் காசு 27 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி (இங்கே வெள்ளி என்பது உலோகம்). நம் ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. இரண்டையும் உருக்கினால் ஒரு பியாஸ்தரில் இரண்டேகால் ரூபாய்க்கான வெள்ளி இருக்கும். ஆனால் அந்த விலைக்கு யாரும் மாற்றித் தந்திருக்க மாட்டார்கள். 1893-லேயே ஆங்கிலேயர்கள் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்திவிட்டதால், ரூபாய் தன்னிடம் உள்ள வெள்ளியைவிட உசந்த விலைக்குப் போய்விட்டது. பியாஸ்தர் மட்டும் வெள்ளிச் சந்தையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 1930-ல் அதை 10 பிரெஞ்சு பிராங்க் என்று கட்டினார்கள், 1945 டிசம்பரில் 17 பிராங்க். சந்தையில் அதில் பாதிகூடப் பெறாத காசுக்கு பாரிசில் 17 பிராங்க் கிடைத்தால் என்ன நடக்கும்? சைகோனிலிருந்து பணம் அனுப்புவதே ஒரு தொழிலாகிவிட்டது, பெரிய ஊழலாக வெடித்தது. 1953 மே மாதம் ஒரே நாளில் திரும்ப 10-க்கு இறக்கினார்கள். அதற்கு முன்னால் அனுப்பியவர்கள் பிழைத்தார்கள். ஒரு வேடிக்கை: பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் புழங்கியது ரூபாய்தான், பியாஸ்தர் நோட்டு அடித்த அதே இந்தோசீன வங்கிதான் இங்கே ரூபாய் நோட்டும் அடித்தது.

கேள்வி: சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒரே மதிப்பு என்று அப்பா சாதிக்கிறார். உண்மையா?
பண்ருட்டி வாசகர்

பதில்: அப்பா சொல்வது 1973 மே மாதம் வரை உண்மை. 1967-ல் தனித்தனி நோட்டு அடித்தும், ஒன்றுக்கு ஒன்று என்று இரு ஊரிலும் செல்லுபடியானது. பிரிந்தபின் சிங்கப்பூர் தன் காசைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறவிட்டது. மலேசியாவோ 1998 நெருக்கடியில் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் (மலேசிய வெள்ளியின் பெயர்தான்) என்று ஏழு வருஷம் பூட்டிவைத்தது. இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அப்பாவிடம் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: வாழைமரம் போட்ட 10 டாலர் நோட்டு ஒரு கட்டு இருக்கிறது. வங்கியில் மாற்ற முடியுமா?
பரங்கிப்பேட்டை வாசகி

பதில்: முடியாது. ஜப்பான்காரன் மலாயாவில் அடித்த நோட்டு அது, 1945-ல் அவன் தோற்றதுமே செல்லாக்காசு. பழைய நோட்டு சேர்ப்பவர்கள் வாங்குவார்கள், மடிப்பு இல்லாததாகப் பார்த்து எடுத்துப்போங்கள்.